ஃபிரான்ஸ் பெண்டா: ஆள் யார், அடாஜியோவை எப்படி வாசிப்பது?

நரம்பிசை:
வணக்கம் நண்பர்களே. ஃபிரான்ஸ் பெண்டாவின் இ மைனர் புல்லாங்குழல் கான்செர்டோ (தனிப் புல்லாங்குழலும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவர் அடிப்படையில் வயலின்காரர் என்பது சமீபத்தில்தான் தெரிய வந்தது. தேடிப் பார்த்தால் 1709ல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) பிறந்தார், பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் அவையில் இருந்தார், 1786ல் இறந்தார், அவ்வளவுதான் கிடைக்கிறது. மீதி எல்லாம் தம்பி கேயோர்க் பெண்டாவைப் பற்றியே இருக்கிறது. இவர் யாரிடம் கற்றார், வயலினுக்கு என்ன எழுதினார்? இன்னொன்று, வாசிக்கிறவளாகக் கேட்கிறேன்: அவருடைய வயலின் சொனாட்டா (வயலினுக்கும் துணை வாத்தியத்துக்குமான படைப்பு) ஒன்றின் அடாஜியோவை, அதாவது மெதுவான இயக்கத்தை (பகுதியை), எடுத்தால் தாளில் சுரங்கள் கொஞ்சமாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஒலிப்பதிவில் அதே இடத்தில் வயலின் பொழிந்து தள்ளுகிறது. நான் எதை வாசிக்க வேண்டும்?

பழைய வில்:
இவரைப் பற்றிக் கேட்க ஒருவர் வந்ததே பெரிய சந்தோஷம். முதலில் ஒரு விஷயம், பெண்டா தொடங்கியது பாடகராக. அப்பா நெசவாளி, ஊரில் வாத்தியமும் வாசிப்பவர். பையனுக்குக் குரல் நன்றாக இருந்ததால் பிராகில் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தான், அங்கிருந்து டிரெஸ்டனுக்கு ஓடிப்போய் அங்கேயும் பாடினான், அப்புறம் திரும்பி பிராகுக்கே வந்தான். 1723ல் ஆறாம் சார்லஸ் பொஹீமிய மன்னராக முடிசூடியபோது பிராகில் ஃபுக்ஸ் என்ற இசையமைப்பாளரின் ஓபரா (இசை நாடகம்) ஒன்றைப் பிரம்மாண்டமாக நடத்தினார்கள், அதிலும் பெண்டா பாடியிருக்கிறார். அதே ஓபராவின் வாத்தியக் குழுவில், பின்னாளில் புல்லாங்குழலுக்குப் பேர் பெற்ற க்வான்ட்ஸ் இருந்தார். பத்து வருஷம் கழித்து பெண்டாவை ஃபிரெடெரிக்கிடம் கொண்டு சேர்த்தது அந்த க்வான்ட்ஸ்தான்.

குரல் போன பிறகுதான் வயலினை முழுமூச்சாகப் பிடித்தார். ஊரில் நடனங்களுக்கு வாசிக்கும் குழுவில் லேபெல் என்ற பார்வையற்ற யூத வயலின்காரர் இருந்தார். தன் நடனப் பாட்டுகளைத் தானே கட்டி வாசிப்பவர். 1763ல் எழுதிய சுயசரிதையில் பெண்டா இவரைப் பற்றி மரியாதையோடு சொல்கிறார். அவை இசைஞராகப் பேரெடுத்த மனிதர் தன் பாடம் நடனக் குழுவில் தொடங்கியது என்பதை மறைக்காமல் எழுதி வைத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்புறம் வியன்னா, வார்சா. 1733ல் போலந்து மன்னர் இரண்டாம் அகஸ்டஸ் இறந்ததும் அங்கிருந்து கிளம்பி, அதே வருஷம் ரூப்பினில் இளவரசராக இருந்த ஃபிரெடெரிக்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஆரம்பத்தில் அங்கே வயலினோடு மாலை நேரங்களில் பாடவும் செய்திருக்கிறார். யோஹான் கோட்லீப் க்ரௌன் என்ற மூத்த வயலின்காரரும் அங்கே இருந்தார், அடாஜியோ வாசிக்கும் விதத்தை அவரிடம்தான் கூர்மையாக்கிக்கொண்டார். அந்த க்ரௌன் 1771ல் இறந்த பிறகே பெண்டா கன்சர்ட்மாஸ்டர், அதாவது வாத்தியக் குழுவின் தலைமை வயலின்காரர், ஆனார். அதாவது 38 வருஷம் இன்னொருவருக்கு அடுத்த நாற்காலியில்!

மெல்லிசைத் தாள்:
வாழ்க்கைக் கதையை மேலே நன்றாகச் சொல்லிவிட்டார், நான் அடாஜியோ கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட ஒலிப்பதிவுக்காரர் அனேகமாக பெர்லின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்து வாசித்திருப்பார். முப்பதுக்கும் மேற்பட்ட பெண்டா சொனாட்டாக்கள் கொண்ட ஒரு பிரதி பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. அதில் வழக்கமான இரண்டு வரிகளுக்குப் பதில் மூன்று வரிகள்: மேலே வெறும் வயலின் மெட்டு, நடுவில் அதே மெட்டின் அலங்கரித்த வடிவம், கீழே பாஸ் (அடித்தளமாக ஒலிக்கும் கீழ்க்குரல்). மேல் வரியில் ஒரே ஒரு நீள் சுரம் நிற்கும், நேர் கீழே அது சின்னச் சின்ன ஓட்டங்களாகவும் சுழிப்புகளாகவும் உடைந்து, அடுத்த சுரத்துக்கு அரைப்படி மேலிருந்து சாய்ந்து இறங்கும். நம் ஊர்ப் பாடகர் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக வளர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நடு வரியை எழுதியது பெண்டாவேதானா, மாணவர்களா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. யார் எழுதியிருந்தாலும் அவர் வட்டத்தில் அடாஜியோ எப்படி ஒலித்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேண்டாம். இந்தச் சொனாட்டாக்கள் சிலவற்றை அலங்கார வரியோடு 20ஆம் நூற்றாண்டில் அச்சிட்டிருக்கிறார்கள், நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணிக்கை கேட்டீர்கள் என்றால், வயலின் சொனாட்டாக்கள் மட்டும் நூற்றுக்கு மேல். கான்செர்டோக்கள், சிம்பொனிகள், தனி வயலினுக்கான கப்ரீச்சியோக்கள் (சிறு தனிப் படைப்புகள்) தனி. அவர் உயிரோடு இருந்தபோது அச்சேறியது மிகச் சொற்பம். பெயர் மங்கியதற்கு அது பெரிய காரணம் என்பேன்.

மூன்றாம் நிலை:
எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. அச்சு மட்டும் காரணமல்ல, அந்த அவையே காரணம். ஃபிரெடெரிக் தானே புல்லாங்குழல் வாசிப்பவர், மாலைக் கச்சேரியின் நடுநாயகம் அவரும் க்வான்ட்ஸ் எழுதிய கான்செர்டோக்களும். ஹார்ப்சிகார்டில் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியம்) யோஹான் செபாஸ்டியன் பாக்கின் மகன் சி.பி.இ. பாக் உட்கார்ந்திருந்தார், அவரே பொறுக்க முடியாமல் 1768ல் ஹாம்பர்குக்குப் போய்விட்டார். பெண்டா போகவில்லை. அவருடைய பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் 1742ல் பிரஷ்யாவுக்கு வரவழைத்தது மன்னர்தான், குடும்பமே அங்கே வேர்விட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி கேயோர்க் 1750ல் கோதா என்ற ஜெர்மன் ஊருக்குப் போனதால்தான் மேடைக்கு எழுத முடிந்தது, மோட்சார்ட் ரசித்த மெலோடிராமாக்கள் (வசனத்தோடு வாத்திய இசை சேரும் நாடகங்கள்) பிறந்தன. அண்ணனும் வெளியே போயிருந்தால் கான்செர்டோக்களாவது இன்னும் துணிச்சலாக வந்திருக்கும். இப்போது அவற்றின் வேக இயக்கங்கள் எனக்குச் சுமாராகத்தான் படுகின்றன.

பழைய வில்:
வேக இயக்கங்கள் பற்றி ஒப்புக்கொள்கிறேன், ஆனால் துணிச்சலை அங்கே தேடினால் கிடைக்காது. 1772ல் சார்லஸ் பர்னி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் பெர்லின் பக்கம் வந்து இவரைச் சந்தித்தார். கீல்வாதத்தால் அதற்குள் கை பலவீனமாகிவிட்டது. அப்படியும் சோர்டினோ (வயலின் ஒலியை அடக்கும் சிறு கருவி) மாட்டிக்கொண்டு ஒரு சோலோ வாசித்துக் காட்டியிருக்கிறார். இவருடைய பாணி இத்தாலிய வயலின் மேதை தார்தினியுடையதும் அல்ல, வேறு எந்தக் குருவுடையதும் அல்ல, நல்ல பாட்டையே மாதிரியாகக் கொண்டு தானே உருவாக்கியது என்று பர்னி எழுதுகிறார். விரல் வித்தை காட்டித்தான் பேர் வாங்க முடியும் என்ற காலத்தில் மெதுவான இயக்கத்தை நம்பி நின்றது துணிச்சல் இல்லையா?

நரம்பிசை:
ரொம்ப நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, அப்படியானால் அந்த நடு வரியை அப்படியே மனப்பாடம் செய்து வாசிக்கலாமா?

மெல்லிசைத் தாள்:
செய்யலாம், ஆனால் அதில் தொடங்காதீர்கள். முதலில் மேல் வரியை மட்டும் வாயால் பாடுங்கள், எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே வில்லைத் திருப்புங்கள். பிறகு பாஸ் வரியை யாரையாவது செல்லோவிலோ கீபோர்டிலோ வாசிக்கச் சொல்லிக் கூடவே வாசியுங்கள், ஏனென்றால் எந்தச் சுரம் பாஸோடு உரசுகிறது என்று காதில் விழுந்தால்தான் அலங்காரம் எங்கே சாய வேண்டும் என்று புரியும். அதன் பிறகு நடு வரியிலிருந்து ஒரு அடியை மட்டும் எடுத்து வாசியுங்கள், அடுத்த அடியை நீங்களே போட்டுப் பாருங்கள். கூடவே க்வான்ட்ஸ் 1752ல் வெளியிட்ட புல்லாங்குழல் நூலில் அடாஜியோ பற்றிய அத்தியாயம் இருக்கிறது, வெறும் மெட்டும் அலங்கரித்த மெட்டும் சேர்ந்த முழு உதாரணத்தோடு. எந்தச் சுரம் பலமாக, எந்தச் சுரம் மெலிவாக என்றுகூடச் சொல்லியிருக்கிறார். வயலினுக்கும் அப்படியே பொருந்தும்.