‘மறைமுக’ என்ற அடை பொருந்துமா? – ‘வழிவிளைவு நிலப்பயன் மாற்றம்’ என்ற பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

உயிரி எரிபொருள் சொற்பட்டியலில் ‘இன்டைரக்ட் லேண்ட் யூஸ் சேஞ்ச்’ என்பதற்கு ‘மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றம்’ என்று எழுதியிருக்கிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் ஒருவர் ஒன்றை மறைமுகமாகச் செய்தார் என்றால், பிறர் அறியாதபடி செய்தார் என்பதே தமிழில் முதலில் தோன்றும் பொருள். ‘மறைமுக வரி’ புழங்கிப் புழங்கி அந்தச் சாயலை இழந்துவிட்டது. காடழிப்பைப் பற்றிய ஒரு சொல்லில் அது அவ்வளவு எளிதில் மங்காது. யாரோ திருட்டுத்தனமாகக் காட்டை வெட்டியதாகவே வாசகர் எடுத்துக்கொள்வார்.

நடப்பது வேறு. உணவுக்கும் தீவனத்துக்கும் விளைந்துகொண்டிருந்த மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வயலும் அதே வயல், பயிரும் அதே பயிர். அந்த இடத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் சந்தையில் தானியம் குறைந்து விலை ஏறுகிறது. அந்த விலையைக் கண்டு எங்கோ இருக்கும் ஓர் உழவர் புல்வெளியையோ காட்டையோ திருத்தி விதைக்கிறார். அவர் எதையும் ஒளிக்கவில்லை, செயற்கைக்கோள் படத்திலேயே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது அந்தக் காட்டையும் இந்த ஆலையையும் இணைக்கும் தொடர்புதான்; அதைப் பொருளியல் மாதிரிகளைக் கொண்டு கணக்கிடத்தான் முடியும்.

கணக்கிடுவதும் எளிதன்று. 2008இல் சர்ச்சிங்கர் குழுவினர் ‘சயன்ஸ்’ இதழில், அமெரிக்க மக்காச்சோள எத்தனாலால் இவ்வாறு திருத்தப்படும் நிலங்கள் வெளியிடும் கரிமத்தை, பெட்ரோலுக்குப் பதில் அந்த எத்தனாலை எரிப்பதால் மிச்சமாகும் கரிமம் ஈடுகட்ட 167 ஆண்டுகள் ஆகும் என்று எழுதியபோது பெரும் வாதம் எழுந்தது. பின்னர் வந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. கலிபோர்னியா மாநிலம் அதே எத்தனாலின் இந்த நிலமாற்றக் கணக்குக்கு 2009இல் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 30 கிராம் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியீடு என்று விதித்த அளவை 2015இல் 19.8 கிராமாகக் குறைத்தது. இருந்தாலும் கருத்து சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது: உணவுப் பயிர் எரிபொருளுக்குப் போக்குவரத்து ஆற்றலில் 7 விழுக்காடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் உச்சவரம்பு வைத்ததற்கு இதுவே காரணம். எண் இப்படி அசைந்துகொண்டிருக்கும்போது, பெயராவது நடப்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

இனி மாற்றுச் சொற்கள். முதலில் எனக்குத் தோன்றியது ‘பெயர்ச்சி நிலமாற்றம்’. ஒரு பயிர் இன்னொன்றை இடம்பெயரச் செய்வதை அது நன்றாகவே காட்டுகிறது. ஆனால் பெயர்ச்சி என்றதும் குருவும் சனியும் வந்து நிற்கிறார்கள். அவர்களை வெளியேற்ற என்னால் ஆகாது. ‘தொடர் நிலமாற்றம்’ என்றால் இடைவிடாமல் நடப்பது என்றாகிவிடும். முதல்நூல், வழிநூல் என்று நூல்களைப் பிரித்த மரபு நமக்கு இருப்பதால், ஒன்றை அடியொற்றி வரும் விளைவை ‘வழிவிளைவு’ எனலாம். ‘பக்கவிளைவு’ பழகிய காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது. எரிபொருட்பயிர் நட்ட இடத்திலேயே நிகழும் மாற்றம் ‘நேர்விளைவு நிலப்பயன் மாற்றம்’. அதன் காரணமாகச் சந்தை வழியே வேறிடத்தில் நிகழ்வது ‘வழிவிளைவு நிலப்பயன் மாற்றம்’. ‘பயன்பாட்டு’ என்பதைப் ‘பயன்’ என்று சுருக்கியது நீளம் கருதி. ‘நிலமாற்றம்’ என்று இன்னும் சுருக்கினால் நிலம் கைமாறுவதாக, அதாவது உரிமை மாற்றமாக, மயங்க இடமுண்டு.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி

ஐயா, வணக்கம். ‘மறைமுக’ ஏற்கெனவே பல பாடநூல்களில் ஏறிவிட்டதே என்று முதலில் தயங்கினேன். உங்கள் காரணத்தைப் படித்தபின் தயக்கம் குறைந்தது. மண்ணியல் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

‘விளைவு’ நன்மை தீமை இரண்டுக்கும் பொதுவாக நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனெனில் நேர்விளைவு எப்போதும் இழப்பாக இருப்பதில்லை. பல்லாண்டுப் புல்தரையில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வெட்டி ஒரு கட்டியை எடுத்துப் பாருங்கள்: வேர்கள் தைத்து வைத்ததுபோல் மண்மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், பொலபொலவென்று உதிராது, அந்த மணிகளுக்குள்தான் நுண்ணுயிர்கள் எட்டாதபடி கரிமம் அடைபட்டிருக்கிறது. உழுது மக்காச்சோளம் போட்டால் மணிகள் உடைந்து, காற்றுப் பட்டு, கரிமம் கரியமில வாயுவாகப் போகத் தொடங்கும். முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு மிக வேகம். ஆனால் ஆண்டுதோறும் உழுத வயலில் எரிபொருளுக்கு வளர்க்கும் மிஸ்காந்தஸ் போன்ற பல்லாண்டுப் புல்லை நட்டால் நிலைமை தலைகீழ். 15 முதல் 20 ஆண்டுகள் உழவே இல்லை. இலைச்சருகு மண்ணில் விழுகிறது. குளிர்காலம் முடியும்வரை காத்திருந்து அறுத்தால், அதற்குள் சத்தின் ஒரு பகுதி மட்டநிலத் தண்டுக்குத் திரும்பிவிடுவதால் உரத்தேவையும் குறைகிறது. அங்கே மண் கரிமம் ஏறவே வாய்ப்பு அதிகம். இந்தப் புல்லையே பழைய புல்வெளியை உழுது நட்டால் பெரிய ஆதாயம் கிடைக்காது. ஆகவே எந்தப் பயிர் என்பதோடு, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதையும் விளக்கக் குறிப்பில் கேட்க வேண்டும். கரிநிலச் சதுப்பை (முழுதும் மட்காத தாவர எச்சம் படிந்த சதுப்பு) வடித்து எண்ணெய்ப்பனை நட்டால் கரிமக் கடன் தீர, அதாவது நிலத்தை மாற்றியதால் வெளியான கரிமத்தை எரிபொருளால் மிச்சமாகும் கரிமம் ஈடுகட்ட, 423 ஆண்டுகள் என்று அதே 2008இல் ஃபார்ஜியோன் குழுவினர் மதிப்பிட்டது நினைவிருக்கும்.

இன்னொன்று, சற்று எரிச்சலோடு சொல்கிறேன். அதே பட்டியலில் ‘பயிர்க்கழிவு’ என்று இருக்கிறது. அறுவடைக்குப் பின் வயலில் நிற்பது தாள். அது யாருக்குக் கழிவு? மழைத்துளியின் அடியை மண்மீது விழாமல் தாங்குவதும், மட்கி மண் கரிமமாவதும் அதுதான். கழிவு என்று பெயரிட்டுவிட்டால், முழுவதையும் வாரிக்கொண்டுபோய் எரிபொருளாக்கினாலும் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றிவிடும். ‘பயிர்த்தாள்’ என்றே வைக்கலாம்.

மறுமொழிக்கு மறுமொழி

அம்மா, ‘பயிர்த்தாள்’ என்பதை மறுப்பின்றி ஏற்கிறேன். பட்டியலில் ‘கழிவு’ என்று எழுதியது நான்தான். ஒரே ஒரு ஐயம்: நிலக்கடலைக் கொடிக்கும் கரும்புச் சோகைக்கும் தாள் என்ற சொல் பொருந்தாது. எனவே பொதுச்சொல்லாகப் ‘பயிரெச்சம்’, தானியப் பயிர்களுக்குப் ‘பயிர்த்தாள்’ என இரண்டையும் இடலாமா? முதன்மைச் சொல்லுக்கான பதிவை, தாங்கள் சொன்னதையும் சேர்த்து இவ்வாறு திருத்தியிருக்கிறேன்:

வழிவிளைவு நிலப்பயன் மாற்றம்: ஓரிடத்து விளைநிலமோ விளைச்சலோ எரிபொருளுக்குத் திருப்பப்படுவதால், குறைந்த உணவையும் தீவனத்தையும் ஈடுசெய்யச் சந்தை வழியே வேறிடத்தில் காடு, புல்வெளி, சதுப்பு முதலியன விளைநிலமாவது. இதன் கரிம அளவு, அந்த வேறிடத்தில் முன்பு இருந்த நிலவகையையும் மண்ணையும் பொறுத்தது. (ஒப்பு நோக்குக: நேர்விளைவு நிலப்பயன் மாற்றம், கரிமக் கடன். பழைய வழக்கு: மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றம்.)