எல்க் வேட்டைக்கு ஈயமா, செம்பா?

மலைக்காற்று:
அக்டோபரில் அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட அனுமதி கிடைத்திருக்கிறது. கையில் இருப்பது 30-06 ரைஃபிள். கடைக்காரர் 180 கிரெயின் எடையுள்ள நாஸ்லர் பார்ட்டிஷன் என்ற ஈயக் குண்டை எடு என்கிறார், கூட வரும் நண்பர் 165 கிரெயின் முழுச் செம்புக் குண்டுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். 300 கெஜத்துக்கு மேல் நான் சுடமாட்டேன். எதை எடுக்கலாம்?

பழைய ரைஃபிள்:
பார்ட்டிஷன். யோசிக்கவே வேண்டாம் தம்பி. 1946-ல் ஜான் நாஸ்லர் கனடாவில் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போனபோது, சேறு அப்பிக் காய்ந்த தோளில் பட்ட குண்டு ஆழமாகப் போகாமல் மேலேயே சிதறிவிட்டது, அதற்குப் பிறகுதான் அவர் குண்டின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரியட்டும் பின்பாதி துளைக்கட்டும் என்று இதைச் செய்தார். 1948 முதல் விற்பனையில் இருக்கிறது. ஈயம் மெத்தென்ற உலோகம், வேகம் குறைந்தாலும் விரியும். செம்பு விரியாமல் போனால் ஊசி குத்தின மாதிரி ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அடிபட்ட மிருகம் மலை தாண்டிப் போய்க் கிடந்து சாகும்.

கழுகுநேசன்:
அண்ணா, எந்த வேகத்தில் விரியாது என்பதையும் சொல்லுங்கள். பெரும்பாலான செம்புக் குண்டுகளுக்கு வினாடிக்கு 2000 அடி இருந்தால் போதும். 30-06-ல் 165 கிரெயின் 2800 அடி வாக்கில் கிளம்பி, 300 கெஜத்திலும் 2200-ஐ ஒட்டி இருக்கும். கேட்டவர் அதற்கு மேல் சுடப்போவதில்லையே! எடையையும் பாருங்கள். பார்ட்டிஷனின் முன்பாதி ஈயம் உள்ளே உதிர்ந்துவிடும், மூன்றில் ஒரு பங்கு போனால் 180-ல் மிஞ்சுவது 120. செம்பு கிட்டத்தட்ட முழுசாக நிற்கும்.

பழைய ரைஃபிள்:
அந்த உதிரும் ஈயம்தானே நுரையீரலைக் கிழிக்கிறது? மிஞ்சின எடையைத் தராசில் வைத்துப் பார்த்து எல்க் விழாது. அகலமான காயம் வேண்டும், ரத்தம் சீக்கிரம் போகவேண்டும், மிருகம் அதிகம் தவிக்கக்கூடாது. எனக்கு அதுதான் முதல் கணக்கு.

கழுகுநேசன்:
அதே துணுக்குகள் இறைச்சியிலும் இருக்கும். 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஈயம் இருக்கிறது, கொடுக்காதீர்கள் என்று அரசே சொன்னது. உங்கள் பிள்ளைகளும் அதைத்தானே சாப்பிடுகிறார்கள்?

பழைய ரைஃபிள்:
அடுத்து நடந்த ரத்தப் பரிசோதனையையும் சொல்லுங்கள். வேட்டை இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு ஈயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, ஆனால் அன்றைய ஆபத்து வரம்பை ஒருவர்கூடத் தாண்டவில்லை. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்தால் போதும்.

கழுகுநேசன்:
வெட்டி எறிந்ததை யார் தின்பது? குடலையும் கழிவையும் காட்டிலேயே போட்டுவிட்டு வருகிறோம், பொன்னாங்கழுகும் காகமும் அதைத் தின்கின்றன. 1982-ல் பிணந்தின்னும் பெரிய பறவையான கலிபோர்னியா காண்டோர் உலகத்திலேயே 22-தான் மிச்சம், இன்றும் அவற்றைக் கொல்வதில் ஈயத்துக்குப் பெரிய பங்கு. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடை செய்தது. அரிசோனாவில் சட்டமே போடவில்லை, 2005 முதல் காண்டோர் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்தார்கள், பெரும்பாலானவர்கள் தாங்களாகவே மாறினார்கள். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

வடகாடு:
நடுவில் வருகிறேன். டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் குண்டிலும் ஈயத்தைத் தடுத்தது, மான் வேட்டை அங்கே நிற்கவில்லை. ஸ்வீடனில் 30-06-ஐவிடச் சிறிய 6.5 மில்லிமீட்டர் குண்டால் தலைமுறை தலைமுறையாக மூஸ் சுடுகிறார்கள், அதனால் 30-06 போதுமா என்ற கவலையே வேண்டாம். இலக்குப் போட்டிக்கான குண்டை மட்டும் எல்க்குக்குக் கொண்டுபோகாதீர்கள், தோள் எலும்பில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே முடியாது. செம்பு எடுத்தால் ரைஃபிள் குழாயை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுப் பழகுங்கள். ஈயத்தைவிட லேசான உலோகம், அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். சில ரைஃபிள்களுக்கு அது ஒத்துவராது.

மலைக்காற்று:
சரி, முதலில் செம்பில் இரண்டு பெட்டி வாங்கி 200 கெஜத்தில் சுட்டுப் பார்க்கிறேன். என் ரைஃபிளில் குண்டுகள் ஒரே இடத்தில் விழவில்லை என்றால் பார்ட்டிஷன்தான்.

பழைய ரைஃபிள்:
எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. ஆனால் செம்புதான் என்றால் தோள் எலும்பை ஒட்டியே குறி வை தம்பி. பின்னால் தள்ளி விலாவில் மட்டும் பட்டால், விழும் முன் ரொம்ப தூரம் ஓடும். இருட்டும் நேரத்தில் சுடாதே, ரத்தத் தடம் பிடிக்க வெளிச்சம் வேண்டும்.