பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டவில்லை, 13 மாத நிலுவையை எப்படித் தீர்ப்பது?

கணபதி லேத் பட்டறை, 2024 ஆகஸ்ட் 4

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் கடையும் பட்டறை நடத்துகிறேன். 22 தொழிலாளர்கள், சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய். 2023 ஜூன் சம்பளத்திலிருந்து இந்த ஜூன் வரை பி.எஃப். கட்டவில்லை. எங்களிடம் பொருள் வாங்கி 45 நாளில் பணம் தந்துகொண்டிருந்த நிறுவனம் 120 நாள் இழுக்கத் தொடங்கியது. இன்றும் 9 லட்சம் வரவேண்டும். சம்பளமும் மின்கட்டணமும் நிற்கக் கூடாது என்று இதைத் தள்ளினேன். ஒரு மாதம் என்று நினைத்தது பதின்மூன்று ஆகிவிட்டது.

தொழிலாளர் பங்கு 36,960, என் பங்கும் அதே அளவு, நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் 3,080. மாதம் 77,000, மொத்தம் 10,01,000.

போன வாரம் எங்கள் மூத்த டர்னர் பி.எஃப். கணக்கைக் காட்டும் அரசின் உமங் செயலியைத் திறந்து கைபேசியை என் மேசையில் வைத்தார். அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். "தம்பி, சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறது, பாஸ்புக்கில் ஏறவில்லையே" என்றார். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கையில் 3 லட்சம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? பி.எஃப். அலுவலகத்துக்கு நானே போகலாமா, நோட்டீஸ் வரட்டும் என்று இருக்கலாமா?

ஊதியக் கணக்கு ஆலோசகர், ஈரோடு

காத்திருக்காதீர்கள். உங்கள் பங்கைக் கட்டாதது கடன். தொழிலாளர்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டாததைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 406ஆம் பிரிவு, இந்த ஜூலை முதல் புதிய சட்டத்தில் 316ஆம் பிரிவு. வருமான வரியிலும் அடி விழும். தொழிலாளர் பங்கை உரிய தேதிக்குள் கட்டவில்லை என்றால் அது உங்கள் வருமானமாகிவிடும். பிறகு கட்டினாலும் கழிவு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது.

முதலில் ஜூலை மாதத்துக்கு உரியதை இம்மாதம் 15க்குள் கட்டுங்கள். புதிய ஓட்டையை விட்டுக்கொண்டே பழையதை அடைக்க முடியாது. அடுத்து 2023 ஜூனிலிருந்து, ஒவ்வொரு மாதத்தையும் இரு பங்கோடும் முழுதாக முடித்துக்கொண்டே வாருங்கள்.

அசலோடு விடாது. பி.எஃப். சட்டத்தின் 7க்யூ பிரிவுப்படி தாமத வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். அதற்கு மேல் 14பி பிரிவுப்படி விதிக்கும் அபராத இழப்பீட்டை இந்த ஜூன் 14 அன்று மாதம் 1 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய தாமதத்துக்குப் பழைய விகிதத்தையே, அதாவது ஆறு மாதத்தைத் தாண்டியதற்கு ஆண்டுக்கு 25 சதவீதத்தை, மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். 2023 ஜூன் மாதத்துக்கு மட்டும் வட்டி சுமார் 10,000, இழப்பீடு சுமார் 20,800. 14பி நோட்டீசுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். நிறுவனம் பணம் இழுத்ததற்கான பில், மின்னஞ்சல், வங்கி அறிக்கை எல்லாவற்றையும் இப்போதே கோப்பில் சேருங்கள்.

பின்னலாடை, திருப்பூர்

நான் காத்திருந்தவன். நிலுவை எவ்வளவு என்று தீர்மானிக்கும் 7ஏ விசாரணைக்கு இரண்டு முறை போகவில்லை; நானில்லாமலே தொகையைத் தீர்மானித்தார்கள். பிறகு வசூலுக்கான 8எஃப் உத்தரவு வந்து வங்கிக் கணக்கு முடங்கியது, அதுவும் சம்பளம் போட வேண்டிய சனிக்கிழமை. அதைவிட வலித்தது இன்னொன்று: எனக்குப் பணம் தர வேண்டிய வாடிக்கையாளருக்கே கடிதம் போய்விட்டது. உங்கள் 9 லட்சத்துக்கும் அப்படி நேரலாம். நீங்களே போய், கட்டிய ரசீதோடும் மீதிக்கான கால அட்டவணையோடும் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால், உங்களுக்குப் பணம் தராத அந்த நிறுவனத்தின் மீது அரசின் சமாதான் இணையதளத்தில் மனுப் போடுங்கள். 45 நாளைத் தாண்டிய தொகைக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆர்டர் போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. பணம் வராத ஆர்டரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

சேலம் வாசகி

என் அண்ணன் ஓர் அச்சகத்தில் வேலையில் இருந்தபோதே இறந்தார். பி.எஃப். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடு உண்டு. முதலாளி பணம் கட்டாமல் வைத்திருந்ததால் அண்ணி இரண்டு ஆண்டு அலைந்தார். அந்த 3,080 ரூபாயில் இதுவும் இருக்கிறது, ஐயா. உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். அந்த டர்னரிடம் முதலில்.

கணபதி லேத் பட்டறை, ஆகஸ்ட் 21

ஜூலை மாதத்தை 14ஆம் தேதி கட்டினேன். பிறகு 2023 ஜூனும் ஜூலையும். அலுவலகத்தில் மனுவும் கொடுத்துவிட்டேன். செப்டம்பரிலிருந்து மாதம் இரண்டு நிலுவை என்று எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

சனிக்கிழமை எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். ஒருவர் கோபமாகக் கேட்டார்; கேட்க வேண்டியதுதான். மூத்த டர்னர் எதுவும் சொல்லவில்லை. திங்களன்று வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து மிஷினைத் துடைத்தார். கல்யாணத்துக்கு பி.எஃப்.பிலிருந்து முன்பணம் எடுப்பதென்றால் அவருக்கு மட்டும் மீதி 11 மாதத்தையும் முதலில் ஏற்ற வழி இருக்கிறதா? ஆலோசகர் ஐயா சொன்னால் நாளையே செய்கிறேன்.