பிக்ஃபுட் படம்: 16 எம்.எம். கேமரா அறிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, மூன்று நாட்களாக வீட்டில் தம்பியோடு ஓயாத வாக்குவாதம். 1967 அக்டோபர் 20 அன்று, வடக்கு கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் ஓடைக்கரையில், உடன் பாப் கிம்லின் இருக்க, ரோஜர் பேட்டர்சன் எடுத்த படம்தான் காரணம். வட அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் மயிரடர்ந்த குரங்கு மனிதன் பிக்ஃபுட் நடந்து போவதாகக் காட்டும் படம் அது. முழுதாக ஒரு நிமிடம்கூட ஓடாது. நடந்தபடியே அந்த உருவம் வலத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்குமே, அந்த 352ஆவது சட்டகத்தை (ஃபிரேமை) தம்பி கைபேசியின் முகப்பிலேயே வைத்துவிட்டான்!

எனக்கு அது உடை அணிந்த மனிதன்தான். ஆனால் உடையை அணிந்ததாக உரிமை கோரியவர் குதிரைத்தோல் என்கிறார். விற்றதாகச் சொன்னவரோ செயற்கை இழை கொரில்லா உடை என்கிறார். இதைச் சொல்லியே தம்பி என்னை மடக்குகிறான்.

என் சந்தேகம் படம் ஓடிய வேகம் பற்றியது. நொடிக்கு 24 சட்டகம் என்றால் சாதாரண மனித நடை. 16 அல்லது 18 என்றால் கதையே வேறு. சாவி கொடுத்து இயக்கும் 16 எம்.எம். கேமராவைக் கையாண்டவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எடுத்தவரின் கை நடுக்கத்தையோ உருவத்தின் கை வீச்சையோ வைத்து வேகத்தைக் கணிக்க முடியுமா? ஞாயிறு மதியம் தம்பி மறுபடி வருகிறான், அதற்குள் சொன்னால் புண்ணியம்.