பெருவெடிப்புக் கொள்கை கடவுளை நிறுவுகிறதா?

மருதநிலத்தான் (கேள்வி):

எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவை ஒட்டி நடந்த சொற்பொழிவில், உலகம் ஒரு காலத்தில் தோன்றியது என்பதை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது, தோன்றியதற்குத் தோற்றுவித்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும், ஆகையால் நாத்திகத்துக்கு இனி இடமில்லை என்று பேச்சாளர் முடித்தார். பகுத்தறிவு இயக்கத்தில் நெடுநாளாக இருந்துவரும் என் தாய்மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் அந்தத் தோற்றுவித்தவனைத் தோற்றுவித்தவன் யார்?" என்று கேட்டதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். இருவரும் கற்றவர்கள், இருவர் மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இத்தனை நூற்றாண்டுகளாக நடந்துவரும் வழக்கு ஒற்றை வரியில் தீர்ந்துவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன், நாள்தோறும் வழிபடுகிறவன், இயற்பியலைப் பள்ளிப் படிப்போடு நிறுத்தியவன். பெருவெடிப்புக் கொள்கை உண்மையில் என்ன சொல்கிறது? மாமாவின் கேள்விக்கு ஆத்திகர் தரப்பில் தகுந்த விடை உண்டா? பேச்சாளர் எடுத்துவைத்தது நம் சித்தாந்த நூல்களின் வாதம்தானா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

விண்மீன் நோக்கி:

ஐயா, நான் இயற்பியல் கற்பிக்கிறவன், இறைநம்பிக்கை இல்லாதவன். இரண்டாவதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நாம் இன்று காணும் பேரண்டம் முழுவதும் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையில் இருந்தது, அன்று முதல் விரிந்தும் குளிர்ந்தும் வருகிறது என்பதே பெருவெடிப்புக் கொள்கை. விண்மீன் கூட்டங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்வதும், ஹைட்ரஜனும் ஹீலியமும் கணக்கிட்ட விகிதத்திலேயே காணப்படுவதும், அந்தத் தொடக்க வெப்பத்தின் மிச்சமாக எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே சீராக வந்துசேரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சும் இதற்கு உறுதியான சான்றுகள். இவ்வளவுக்குத்தான் சான்று உண்டு. "ஒன்றுமில்லாமையிலிருந்து எல்லாம் வந்தது" என்று அந்தக் கொள்கை எங்கும் சொல்லவில்லை. ஈர்ப்பை விளக்கும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளைப் பின்னோக்கிச் செலுத்தினால் அடர்த்தி முடிவிலியாகும் ஓர் இடம் வருகிறது. அந்த இடத்தை உலகத்தின் பிறந்தநாள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் துறையில் பெரும்பாலோர் அதைக் கொள்கை செயலிழக்கும் இடம் என்றே படிக்கிறார்கள், ஏனெனில் அங்கே ஈர்ப்பையும், அணு அளவிலான நுண்பொருள்களைப் பற்றிய குவாண்டம் இயற்பியலையும் இணைத்துச் சொல்லும் கொள்கை வேண்டும், அப்படி நிறுவப்பட்ட ஒன்று இன்னும் நம் கையில் இல்லை.

ஆத்திக அறிஞர்கள் 2003-இல் போர்டு, கூத், விலென்கின் ஆகிய மூவரும் நிறுவிய தேற்றத்தை மேற்கோள் காட்டுவதுண்டு. சராசரியாக விரிந்துகொண்டே இருக்கும் பேரண்டத்தின் வரலாற்றை இறந்தகாலத்துக்குள் முடிவின்றி நீட்ட முடியாது என்பது அதன் சாரம். அந்த விரிவுக்கு ஓர் எல்லை உண்டு என்று அது காட்டுகிறது. எல்லைக்கு அப்பால் என்ன இருந்தது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. விலென்கினே குவாண்டம் விதிகளால் பேரண்டம் தோன்றியிருக்கலாம் என்று 1982-இலேயே ஒரு வழியை முன்வைத்தவர். அதே வேளையில் என் தரப்பினரிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த வழியிலும் விதிகள் முன்பே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது, ஆகவே "ஒன்றுமே இல்லாததிலிருந்து பேரண்டம் வந்ததை இயற்பியல் விளக்கிவிட்டது" என்று நாத்திகர் சிலர் எழுதுவதும் அளவுக்கு மீறிய கூற்றுதான்.

இந்தக் கொள்கைக்கு வித்திட்டவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பதைப் பேச்சாளர் அறிந்திருக்கக்கூடும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர் 1927-இல் விரியும் பேரண்டத்தையும், 1931-இல் அது ஒற்றை ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தையும் வெளியிட்டார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், படைப்பைப் பற்றிய திருமறைக் கூற்றுக்கு அறிவியல் சாட்சியாக வந்துவிட்டது என்ற பொருள்பட உரையாற்றியபோது, அதனால் மகிழ்ந்திருக்க வேண்டிய லெமைத்ர் கவலை கொண்டார். தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது, ஆத்திகரும் நாத்திகரும் தத்தம் நிலையை விடாமலேயே அதை ஏற்கலாம் என்பது அவருடைய உறுதியான கருத்து. அடுத்த ஆண்டு வானியலாளர்கள் ரோம் நகரில் கூடியபோது போப் அந்தக் கூற்றைத் திரும்பச் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் பிரெட் ஹாயில் இருந்தார். பெருவெடிப்பு என்று நாம் தமிழில் வழங்கும் ஆங்கிலப் பெயரை 1949-இல் வானொலி உரையில் முதலில் பயன்படுத்தியவர் அவரே. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதில் சமய வாடை அடிக்கிறது என்று அவர் கருதியது, தொடக்கமில்லாத நிலைப் பேரண்டக் கொள்கையை அவர் விடாமல் பிடித்திருந்ததற்கு ஒரு காரணம். பின்னணிக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி 1965-இல் வெளியான பிறகு அந்தக் கொள்கை தளர்ந்தது. லெமைத்ர் காத்த கட்டுப்பாட்டை ஹாயில் காக்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

தெளிநீர்:

மேலே உள்ள பதிலின் அறிவியல் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். நான் இறைநம்பிக்கை உள்ளவன், கல்லூரியில் மெய்யியல் பயின்றவன். தங்கள் மாமாவின் கேள்விக்கு மட்டும் என் பதிலை எழுதுகிறேன்.

"எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, ஆகவே கடவுள் உண்டு" என்று யாராவது வாதிட்டால், கடவுளுக்குக் காரணம் யார் என்ற கேள்வி அந்த வாதத்தை அந்த இடத்திலேயே வீழ்த்திவிடும். ஆனால் இத்துறையின் பெரிய சிந்தனையாளர்கள் அப்படி வாதிடவில்லை. அவர்கள் இரண்டு வேறு வழிகளில் சென்றார்கள். தொடக்கம் உடையது எதுவோ அதற்குக் காரணம் உண்டு என்பது அல்-கஸாலி முதலிய இஸ்லாமிய அறிஞர்கள் வளர்த்த வழி. 1979-இல் வில்லியம் லேன் கிரெய்க் புதுப்பித்ததும், பேச்சாளர் அறிந்தோ அறியாமலோ எடுத்தாண்டதும் இதுவே. மற்றொரு வழி இதைவிட ஆழமானது என்பது என் துணிபு. இருக்கவும் கூடும், இல்லாமலிருக்கவும் கூடும் என்ற தன்மை உடைய பொருள்கள் ஏன் இருக்கின்றன என்று அது கேட்கிறது. இல்லாமலிருக்கவே முடியாத ஒன்றைச் சார்ந்துதான் அவை இருக்க முடியும் என்று விடை சொல்கிறது. இப்னு சீனா, தாமஸ் அக்குவினாஸ், லைப்னிட்ஸ் ஆகியோர் இந்த வழியில் சென்றவர்கள். உலகம் தொடக்கமே இல்லாமல் என்றென்றும் இருந்திருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, அது நம்பிக்கையால் ஏற்பது என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அக்குவினாஸ் எழுதினார். ஆகவே பெருவெடிப்பு இந்த வாதத்துக்குத் தேவையே இல்லை.

நாத்திகத்தின் வலுவான விடையைக் காண விரும்பினால், 1948 ஜனவரியில் பிபிசி வானொலியில் பெர்ட்ரண்டு ரஸ்ஸலும் இந்த இரண்டாவது வழியில் வாதிட்ட ஏசு சபைப் பாதிரியார் காப்பிள்ஸ்டனும் நடத்திய விவாதத்தைத் தேடிப் பாருங்கள். கடவுளைப் படைத்தது யார் என்ற கேள்வியை ரஸ்ஸல் அங்கே நம்பியிருக்கவில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டு என்றாகாது, அதுபோல உலகிலுள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தாலும் உலகம் முழுமைக்கும் காரணம் தேட வேண்டியதில்லை, உலகம் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். காப்பிள்ஸ்டனோ, பேரண்டத்தின் இருப்பைப் பற்றிக் கேட்பதே பொருளற்றது என்று விலக்குவது வினாவைத் தவிர்ப்பதாகும் என்றார். நான் காப்பிள்ஸ்டன் பக்கம். ஆனால் ரஸ்ஸலின் நிலையில் தன்முரண் இருப்பதாக யாரும் காட்டியதாக நான் அறியேன்.

மெய்கண்ட மாணவன்:

தங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சாளர் சொன்னது சைவ சித்தாந்தத்தின் வாதம் அன்று.

சித்தாந்தத்தின் தலைமை நூலான, மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவே இறையிருப்புக்கான வாதம்தான்: "அவன் அவள் அதுவெனும் அவைமூ வினைமையின் / தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம் / அந்தம் ஆதி என்மனார் புலவர்." அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படும் உலகம் தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் மூன்று தொழிலுக்கும் உட்பட்டது; எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மலத்தின் (உயிரைப் பற்றியுள்ள அழுக்கின்) பொருட்டு மீண்டும் தோன்றுகிறது; ஒடுக்கும் முதல்வனே உலகுக்கு முதல்வன். இங்கே இன்மையிலிருந்து படைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் கட்டு) மூன்றும் அனாதி, அதாவது தொடக்கம் இல்லாதவை. இல்லது தோன்றாது என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. குடத்துக்கு மண் முதற்காரணம் (எதனால் ஆக்கப்படுகிறதோ அந்த மூலப்பொருள்), திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் (ஆக்குபவன்) என்பதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம். ஆகவே 1380 கோடி ஆண்டு என்ற கணக்கு ஏறினாலும் இறங்கினாலும் சித்தாந்திக்கு அதனால் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை.

நம் மரபு சந்தித்த உண்மையான எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தை, கண்ணால் காண்பதே உண்மை என்ற உலகாயதரில் தொடங்கி, பௌத்தர், சமணர், வேதத்தை ஏற்றுக்கொண்டும், உலகைப் படைத்த இறைவனை ஏற்காத மீமாஞ்சகர், கடவுளை விலக்கிய சாங்கியர் என்று ஒவ்வொருவராக எடுத்து மறுத்துச் செல்கிறார். இவர்களுடைய கேள்விகளில் மிக வலுவானதைத் திரட்டி இப்படிச் சொல்லலாம்: மாயையும் உயிர்களும் வினையும் யாரும் படைக்காமலேயே அனாதியாக இருக்க முடியுமானால், உலகம் நடைபெறவும் அவையே போதாவோ? தங்கள் மாமா இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அது சித்தாந்தத்தின் நடுவிடத்தைத் தொட்டிருக்கும். மாயை அறிவற்றது, வினையும் அறிவற்றது, உயிரோ அறிவை மறைக்கும் மலமாகிய ஆணவத்தால் மறைக்கப்பட்டுத் தானே அறிய மாட்டாதது. ஆகவே எந்த உயிருக்கு எந்த உடம்பு, எந்த வினைக்கு எந்தப் பயன் என்று அறிந்து கூட்டுவிக்க அறிவுடைய முதல்வன் வேண்டும் என்பது நம் ஆசிரியர்களின் விடை.

இந்த விடையை இன்று எதிர்கொள்வது 1859-இல் டார்வின் வெளியிட்ட இயற்கைத் தெரிவுக் கொள்கை. அறிவற்ற பொருள்கள், அறிந்து கூட்டுவிப்பார் யாரும் இல்லாமலேயே, இத்தனை நுட்பமான உடம்புகளாக அமைந்துவர முடியும் என்று அது காட்டுகிறது. சித்தாந்த மேடைகளில் பெருவெடிப்பைப் பற்றிப் பேசுகிறோம், டார்வினைத் தவிர்த்துவிடுகிறோம். உடம்பின் அமைப்பை இயற்கைத் தெரிவுக்கு விட்டுக்கொடுத்தாலும், வினைக்கேற்ற பயன் என்னும் அறவொழுங்குக்கு அறிவுடைய முதல்வன் வேண்டும் என்று நான் நிலைநிற்கிறேன். ஆனால் வினைக்கொள்கையையே ஏற்காதவரிடம் இந்த விடை செல்லாது. அவரோடு வினையைப் பற்றிய வாதத்தை முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

ஈரோட்டு வழியன்:

மூவரும் எழுதியதை மதிப்புடன் படித்தேன். தங்கள் மாமாவின் வயதுக்காரன், அவர் இயக்கத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் சில சொற்கள்.

மெய்யியல் நோக்கில் அவர் பதில் குறையுடையதாகவே இருக்கலாம். ஆனால் 1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் பேரண்டத்தின் முதற்காரணத்தைத் தேடிப் புறப்பட்டதன்று. கடவுளின் பெயரால் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று சொன்னவர்களிடம், அந்த உரிமையை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று அது கேட்டது. புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணங்களைச் சட்டப்படி செல்லத்தக்கவை ஆக்க 1967-இல் அண்ணா ஆட்சிதான் வர வேண்டியிருந்தது. பெரியார் தம் கடைசி ஆண்டுகளில் கருவறைக்குள் நுழையும் போராட்டத்தை அறிவித்தார். பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கும் சட்டம் 1970-இல் வந்தது. பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்கள் 2021-இல் பணியமர்த்தப்பட்டபோது அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது. காப்பிள்ஸ்டன் சொன்ன, இல்லாமலிருக்க முடியாத அந்த ஒன்றை நான் நாளையே ஒப்புக்கொண்டாலும், கருவறைக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்பது அதிலிருந்து எப்படிப் பிறக்கும்? முதற்காரணத்திலிருந்து குறிப்பிட்ட ஒரு கடவுளுக்கும், அந்தக் கடவுளிலிருந்து குறிப்பிட்ட ஓர் ஆகமத்துக்கும், அதிலிருந்து குறிப்பிட்ட ஒரு குலத்தின் உரிமைக்கும் தாண்டிச் செல்கிறவர்கள் ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனியே சான்று தர வேண்டும். எங்கள் கேள்வி அந்தத் தாவல்களைப் பற்றியது.

மருதநிலத்தான்:

நால்வருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி மட்டும். உலகம் ஒடுங்கி மீண்டும் தோன்றும் என்று சித்தாந்தம் சொல்வதுபோல, பேரண்டம் சுழற்சியாக விரிந்து ஒடுங்கும் என்ற கருத்து இயற்பியலிலும் உண்டு என்று கேள்விப்பட்டேன். அதை நம் மரபுக்குச் சான்றாகக் கொள்ளலாமா?

விண்மீன் நோக்கி:

அத்தகைய முன்மொழிவுகள் உண்டு. ஸ்டைன்ஹார்ட்டும் டூரோக்கும் 2002-இல் ஒரு சுழற்சிப் பேரண்டக் கொள்கையை வெளியிட்டார்கள். ரோஜர் பென்ரோஸ் வேறொரு வழியில், ஒரு யுகத்தின் முடிவே அடுத்த யுகத்தின் தொடக்கமாகும் ஓர் அமைப்பை முன்வைத்திருக்கிறார். இவை எவையும் இதுவரை நிறுவப்படவில்லை. பேரண்டத்தின் விரிவு வேகமடைந்து வருவதாக 1998-இல் கண்டறியப்பட்டதால், எளிய முறையில் அது மீண்டும் சுருங்கும் என்று எதிர்பார்க்கவும் இப்போது காரணம் இல்லை. சித்தாந்தத்தை இந்தக் கொள்கைகளோடு கட்டிவைத்தால், அவற்றுள் ஒன்று விழும்போது அதுவும் விழுந்ததாக எண்ண வேண்டிவரும். ஸ்டைன்ஹார்ட், டூரோக் கொள்கை சரியானால் தொடக்கக் காலத்து ஈர்ப்பலைகள் (காலவெளியில் பரவும் அதிர்வுகள்) கண்டறிய முடியாத அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். அவற்றின் தடத்தைப் பின்னணிக் கதிர்வீச்சின் முனைவாக்கத்தில் (அதன் அலைகள் அதிரும் திசையில்) தேடும் ஆய்வுகள் தென்முனையிலும் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்திலும் நடந்துவருகின்றன. தடம் கிடைத்துவிட்டால் அந்தக் கொள்கையை அதை உருவாக்கியவர்களே கைவிட வேண்டியிருக்கும்.