வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள்

திருச்சியில் நாங்கள் குடியிருந்த தெரு. மாலை 6 மணி இருக்கும். மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா பால் வாங்கிக்கொண்டு வந்தார். பைக்கில் வந்த இருவரில் பின்னால் இருந்தவன் அவருடைய தாலிக்கொடியைப் பற்றி இழுத்தான். கொடி அறும்வரை அக்காவும் தரையில் இழுபட்டார். நான் போட்ட கூச்சலில் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஹெல்மெட் இல்லை.

எண் பலகையில் தெரிந்தது கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும்: 47. கறுப்பு வண்டி, உடைந்த மட்கார்டு. உடனே காலண்டர் தாளில் எழுதி வைத்துவிட்டு 100-ஐ அழைத்தேன். இப்படி எழுதி வைப்பதை எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன். அரை மணி நேரத்தில் தெருவில் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள்; தாள் இல்லையென்றால் நானும் குழம்பியிருப்பேன்.

மறுநாள் ஒரு காவலர் வந்து, நிலையத்துக்கு வரச் சொன்னார். "கோர்ட்டு, கேஸ் என்று அலைய உன்னால் முடியுமா?" என்றார் என் கணவர். பக்கத்துத் தெரு வக்கீல்தான் எனக்குத் தெளிவுபடுத்தினார்: சாட்சி பெண்ணாக இருந்தால் அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. அதைச் சொன்னதும் எஸ்.ஐ. வீட்டுக்கே வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். நான் பேனாவை எடுத்தேன். போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது என்று அவரே தடுத்தார்.

மூன்றாவது வாரம், பிடிபட்டவனை அடையாளம் காட்டச் சிறையில் அடையாள அணிவகுப்பு. மாஜிஸ்திரேட் முன்னிலையில், ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே உடல்வாகுடன் பலர் வரிசையில் நின்றார்கள். கால்கள் நடுங்கின. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சந்தேகமே வரவில்லை.

ஒன்றரை ஆண்டு கழித்துச் சம்மன் வந்தது. இரண்டு முறை போய் வாய்தா வாங்கித் திரும்பினோம். மூன்றாம் முறை கூண்டில் ஏறினேன். "அந்த நேரத்தில் மாடியிலிருந்து முகம் எப்படித் தெரியும்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் விடாமல் கேட்டார். பார்த்ததைப் பார்த்தேன் என்றேன். வண்டி ஓட்டியவன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அப்போதும் மஞ்சள் கயிறுதான். அவருக்காகப் பேச, கொடியை இழுத்தவன் முகத்தை நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் பின்வாங்கியிருந்தால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

* * *

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், விழுப்புரம் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு லாரி சைக்கிளில் போன பெரியவரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவரருகில் இருந்தேன். போலீஸ் ஜீப் தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். லாரி எண் முழுவதும் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இன்று விபத்தில் உதவுகிறவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தந்திருக்கிறது. அன்று அது இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

* * *

என் பதிவைப் படித்துவிட்டு, எனக்கு மிரட்டல் வந்ததா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். சம்மன் வந்த வாரம் அறிமுகமில்லாத இருவர் எங்கள் வாசலில் நின்று பெயர் விசாரித்தார்கள். அன்றே எஸ்.ஐ.யிடம் எழுத்துமூலம் கொடுத்து, நகலை வைத்துக்கொண்டேன். உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். எனக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. என் சாட்சியம் முடியும்வரை ரோந்துக் காவலர் இரவுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து, ரோந்து வந்ததற்கு அடையாளமாக வைக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்திட்டுப் போனார். சில நாள் அக்காவே விழித்திருந்து அவருக்குத் தேநீர் கொடுப்பார்.