காவல் மோட்டார் சைக்கிள் கையேடு: 'வீவ்', 'வோபிள்' இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேவை

ம.கா. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

காவல்துறைப் பணிக்கு மோட்டார் சைக்கிள் தேர்ந்தெடுப்பது பற்றிய பயிற்சிக் கையேடு தமிழாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஓட்ட நிலைப்புச் சோதனை' என்ற இயலில் இரண்டு சொற்கள் தீராமல் நிற்கின்றன. முந்தைய வரைவில் இரண்டுக்குமே 'தள்ளாட்டம்' என்று இருக்கிறது. அது மாறியாக வேண்டும்.

வீவ்: அதிவேகத்தில் வண்டி முழுவதும் இடமும் வலமுமாகச் சாய்ந்து திரும்பிச் சாய்ந்து போவது. நொடிக்கு 2 முதல் 4 முறை. பின்பக்கம் அலைவதுதான் ஓட்டுபவருக்கு முதலில் தெரியும்.

வோபிள்: முன்சக்கரம், அதைத் தாங்கும் போர்க் எனும் கவட்டுத்தண்டு, கைப்பிடி மூன்றும் திருப்பு அச்சைச் சுற்றிப் படபடவென்று அடித்துக்கொள்வது. நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 10 முறை.

சொல் அட்டவணைத் தலைப்பில் அடங்க வேண்டும். 'தொடக்க வேகம்', 'தணிப்பு' போன்றவற்றைப் பின்னால் சேர்த்தாலும் தாங்க வேண்டும்.

பா.சு. எழுதியது:

சொல்லுக்குப் போகுமுன் ஒன்று. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் ஆபத்து. வோபிள் வந்தால் கைப்பிடித் திருப்பத்தின் அசைவைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பர் போடுவார்கள், அடங்கும். அதே டேம்பரை இறுக்கினால் அதிவேக வீவ் கூடும். ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்குக் கேடு. 'தள்ளாட்டம் இருந்தால் டேம்பர் பொருத்துக' என்று அச்சில் வந்தால், படிக்கிற பணிமனைக்காரர் பொருத்தத்தான் செய்வார்.

காவல் வண்டிகளில் வீவ் ஏன் பெரிய விஷயம் என்பதும் சொல்லில் தெரிந்தால் நல்லது. கடையில் விற்கும் வண்டியும் காவல் வண்டியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எடை நிற்கும் இடம் வேறு. பின் அச்சுக்குப் பின்னால் ரேடியோ பெட்டி, பக்கங்களில் இரண்டு பெட்டிகள், கம்பத்தில் சுழல்விளக்கு, முன்னால் உயரமான காற்றுத்தடுப்புக் கண்ணாடி. எடை பின்னாலும் மேலேயும் போகிறது. காற்று மேல்பகுதியைத் தள்ளி முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது. பின் டயரில் காற்று குறைவாக இருந்தாலோ, நடுப்பகுதி தேய்ந்து தட்டையானாலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தளர்ந்திருந்தாலோ, சாதாரண வண்டிக்கு வராத வேகத்திலேயே வீவ் வந்துவிடும். பிரிட்டனில் பல காவல் படைகள் 2007-இல் ஹோண்டா எஸ்டி1300 வண்டிகளைப் பணியிலிருந்து விலக்கியது அதிவேக வீவ் பற்றிய கவலையால்தான்.

செ.நெ. எழுதியது:

பா.சு. அவர்களின் விளக்கம் எனக்குப் பாதி வேலையை முடித்துவிட்டது. தொல்காப்பிய உரியியலில் 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்று இருக்கிறது. அதிர்வு பாடநூலில் பொதுச்சொல்லாகிவிட்டது. விதிர்ப்பு இன்னும் யார் கையும் படாமல் இருக்கிறது. விரைவான, குறுகிய வீச்சுள்ள நடுக்கம். திருவாசகத்தின் 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' நினைவுக்கு வரும். இரட்டித்து வருவதிலேயே அந்த விரைவு கேட்கிறது. வோபிள் = விதிர்ப்பு.

வீவ் என்பதற்கு நுடக்கம். சங்கப் பாட்டில் கொடி நுடங்கும், இடை நுடங்கும். வளைந்து, மெதுவாக, முழு உடலும் அசைவது நுடங்கல். நுடங்கு என்ற பகுதியில் மெல்லொற்று வல்லொற்றாகி நுடக்கம். அடங்கு அடக்கம் ஆவதுபோல. இலக்கணம் முழுதும் இடம் கொடுக்கிறது.

வே.இரா. எழுதியது:

> வீவ் என்பதற்கு நுடக்கம்

செ.நெ. ஐயா, சொல் அழகு. ஆனால் இதைப் படிக்கப்போவது மோட்டார் வாகனப் பிரிவு மெக்கானிக்கும் ரோந்துக் காவலரும். 'நுடக்கம்' என்று பார்த்தால் முடக்கத்தின் அச்சுப்பிழை என்று திருத்திவிடுவார்கள். 'வண்டி முடக்கம்' என்றால் வண்டி ஓடவே இல்லை என்று பொருள். பொருள் தலைகீழாகிவிடும்.

படைக்கும் காவலுக்கும் இந்திய அரசு புல்லட்டைத் தேர்ந்ததால்தான் 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா எழுந்தது. அன்றிலிருந்து பட்டறையில் இந்தக் கோளாறுகளுக்குப் பேச்சு இருக்கிறது. 'ஹேண்டில் உதறுது' என்பார்கள், 'வண்டி பின்னாடி நெளியுது' என்பார்கள். உதறல், நெளிவு. கைப்பிடி திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன்செட் தளர்ந்தால் உதறும், முன்சக்கர பேலன்ஸ் போனால் உதறும், 70-இலிருந்து வேகம் குறைக்கையில் கையைத் தளர்த்தினால் உதறும். இந்த அறிவு முழுவதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

செ.நெ. எழுதியது:

உதறல் எடுத்தது என்றால் பயந்துவிட்டான் என்று பொருள். 'வண்டிக்கு 80-இல் உதறல் எடுத்தது' என்று காவலர் அறிக்கை எழுதினால் மேலதிகாரி என்ன நினைப்பார்? தவிர உதறு என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. துணியை உதறு, கையை உதறு. இங்கே உதறுவது யார், உதறப்படுவது எது? விதிர்த்தல் அப்படியல்ல.

யோ. எழுதியது:

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். இலங்கையில் மோட்டார் சைக்கிளை உந்துருளி என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறோம்; யாருக்கும் விளங்காமல் போனதில்லை. நீங்கள் அதிர்வெண் என்பதை நாங்கள் மீடிறன் என்று படித்தோம். முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல். புதுச்சொல் விளங்காது என்ற அச்சம் மிகையானது. பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை சொல்லிக்கொடுத்தால் நிலைத்துவிடும். ஆகவே நுடக்கத்துக்கு என் ஆதரவு. நடைமுறைக்கு இறங்குவதென்றால் 'தளம்பல்' பாருங்கள். பாரம் ஏற்றிய வண்டிக்குப் பொருந்தும்.

வே.இரா. எழுதியது:

தளம்பல் எங்களுக்குக் குடத்துத் தண்ணீர். டாங்கில் பெட்ரோல் அலைவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். அதுவும் இந்தக் கையேட்டில் தேவைப்படும், ஏனென்றால் சோதனையை டாங்க் நிறைந்தும் குறைந்தும் இருமுறை செய்ய வேண்டும்.

செ.நெ. எழுதியது:

முன் மடலில் 'ரோந்துக் காவலர்' என்று வே.இரா. எழுதியதைக் கடந்துபோக மனமில்லை. ரோந்து, ரவுண்டு என்ற ஆங்கிலச் சொல் இந்துஸ்தானி வழியாக வந்தது என்பார்கள். மதுரைக்காஞ்சியில் இரவில் நகரைச் சுற்றும் ஊர்காப்பாளர் இருக்கிறார்கள். சுற்றுக்காவல் என்றாலும் எளிதாகவே புரியும். கையேட்டில் இதையும் மாற்றிவிடலாமே?

ம.கா. எழுதியது:

ஐயா, ரோந்து காவல்நிலையப் பதிவேட்டிலேயே இருக்கிற சொல். அதைத் தொட எனக்கு அதிகாரமில்லை. இந்த இரண்டு சொற்களை மட்டும் முடித்துக் கொடுங்கள்.

பா.சு. எழுதியது:

சொற்களைத் தனியாக நிறுத்திப் பார்ப்பதைவிட சோதனைப் பத்தியில் வைத்துப் பார்ப்போம். மூலம் சொல்வது இதுதான்:

பணிக்கருவிகள் அத்தனையும் பொருத்திய பிறகே சோதனை. பெட்டிகளில் உண்மையான எடையை இருபுறமும் சமமாக வைக்க வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தை வண்டித்தகட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். நேரான மூடிய தடத்தில் 80 கி.மீ.-இல் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வேகத்திலும் கைப்பிடியை ஒருமுறை மெல்லத் தட்டிவிட்டு, வண்டி எத்தனை அசைவில் அடங்குகிறது என்று எண்ண வேண்டும். இரண்டு மூன்றில் அடங்கினால் மேலே போகலாம். எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தால் அந்த வேகத்தோடு நிறுத்த வேண்டும். அடங்காமல் வளர்ந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, கைகளைத் தளர்த்தி, உடலை முன்னால் சாய்க்க வேண்டும்.

இப்போது நெளிவு போட்டுப் பாருங்கள்: '120-இல் நெளிவு காணப்பட்டது.' மெக்கானிக் உடனே ரிம்மைப் பார்ப்பார். 'ரிம் நெளிஞ்சிருக்கு' என்பதுதான் பட்டறை வழக்கு. ஆட்டம் போட்டால் வீல் பேரிங்கைப் பார்ப்பார். பட்டறையில் ஆட்டம் என்றால் பாகம் தளர்ந்து இடைவெளி விழுந்தது என்று பொருள். இரண்டையும் சேர்த்து நெளிவாட்டம் என்றால் அந்தக் குழப்பம் இல்லை, ஏனெனில் அப்படி ஒரு சொல் பட்டறையில் இப்போது இல்லை. ஆனால் கேட்டதும் புரியும்.

யோ. எழுதியது:

நெளியோட்டம்? நெளி+ஓட்டம், வினைத்தொகை. 'ஆட்டம்' என்ற தொல்லையே இல்லை.

பா.சு. எழுதியது:

அது கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்டும் சோதனைக்குப் போய்விடும். அந்தச் சோதனையும் இதே கையேட்டில் அடுத்த இயலில் வருகிறது. ஓட்டுபவர் வேண்டுமென்று செய்வது ஓட்டம். இது அவர் விரும்பாமல் வருவது.

வே.இரா. எழுதியது:

அப்படியானால் 'பின்னெளிவு', 'முன்னுதறல்' என்று இடத்தைச் சேர்த்துவிடலாமா? எது எங்கே என்று பெயரிலேயே தெரியும்.

செ.நெ. எழுதியது:

பின்+நெளிவு புணர்ந்தால் பின்னெளிவு சரிதான். ஆனால் படிப்பவர் பின்+எளிவு என்றும் பிரிப்பார். எளிவு என்றால் இழிவு. பொருளும் தவறு. வீவ் பின்பக்கத்தில் மட்டும் நிகழ்வதன்று, முழு வண்டியும் சாய்வும் திருப்பமும் கலந்து அசைவது என்று ம.கா. முதல் மடலிலேயே சொல்லியிருக்கிறார். மோட்டார் சைக்கிள் நிலைப்பை ஆய்ந்த ராபின் ஷார்ப் 1971-இல் கணக்கிட்டுக் காட்டியதும் அதைத்தான்.

ம.கா. எழுதியது:

நேரம் முடிகிறது. இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் வீவ் = நெளிவாட்டம், வோபிள் = உதறல் என்பதை ஏற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் 'கைப்பிடி உதறல்' என்று முழுதாகவும், பிறகு உதறல் என்று மட்டுமாகவும் வரும். அச்சப் பொருள் அப்போது எழாது. ஸ்டியரிங் டேம்பர் 'திருப்புத் தணிப்பான்'. அட்டவணையில் 'நெளிவாட்டத் தொடக்க வேகம்' பொருந்துகிறது. எழுத்தின் அளவை அரை பாயிண்ட் குறைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஜப்பானில் வெள்ளை என்ற அவர்கள் சொல்லோடு பைக் என்பதைப் பாதி வெட்டிச் சேர்த்து 'ஷிரோபை' என்று காவல் மோட்டார் சைக்கிளுக்குப் பெயர் வைத்து நாடே பேசுகிறது. கலப்போ தூய்மையோ, காவலர் வாயில் நிற்கிற சொல்லே இந்தக் கையேட்டுக்கு வேண்டும்.

செ.நெ. எழுதியது:

பெரும்பான்மைக்கு மாறாக நிற்கிறேன், அது பதிவாகட்டும். நெளிவாட்டத்தை ஏற்கிறேன். உதறலை ஏற்கவில்லை. கைப்பிடி என்ற அடையை ஒரு கட்டுரைக்குள் இரண்டாம் முறையே விட்டுவிடுவார்கள். அடையில்லாமல் நிற்க முடியாத சொல் கலைச்சொல் ஆகாது. சொல்லடைவில் 'விதிர்ப்பு: உதறல் காண்க' என்று ஒரு வரியாவது வேண்டும்.

பா.சு. எழுதியது:

அந்த வரியைச் சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. ம.கா., அச்சுக்குமுன் இன்னொன்று: ஷார்ப் சொன்ன மூன்றாவது அசைவு, அலைவே இல்லாமல் வண்டி மெதுவாக ஒருபக்கம் சரிந்துகொண்டே போவது, 47-ஆம் பக்கத்தில் 'கவிழ்தல்' என்று வந்திருக்கிறது. அது விபத்து அறிக்கையில் வேறு பொருளில் இருக்கிறது. அதற்குச் 'சரிவு' போடலாமா, 'சாய்மை' போடலாமா?

செ.நெ. எழுதியது:

இரண்டுமே வேண்டாம். 'ஒல்கல்' என்றொரு சொல் இருக்கிறது.